துவக்கும் நகையும் உறுதியும்: வீட்டு இரும்புப் பெட்டி பற்றி



இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கடன், பராமரிப்புப் பணம், பிள்ளைகளின் படிப்பு பற்றியவை. இம்முறை வந்த ஒரு கடிதம் வேறு விதமானது. எழுதியவர் ஒரு விவசாயியின் மனைவி. கணவர் வயல் காவலுக்காக லைசன்ஸ் எடுத்த துவக்கு ஒன்றை வைத்திருக்கிறார். அது அலுமாரிக்கு மேல் பழைய சேலையில் சுற்றிக் கிடக்கிறது. பெண் மக்களுக்கென்று சேர்த்த பத்துப் பவுணும் வீட்டு உறுதியும் அதே அலுமாரிக்குள் இருக்கின்றன. அண்மையில் அவர்களின் ஒழுங்கையில் இரண்டு வீடுகள் உடைக்கப்பட்டுள்ளன. "ஒரு இரும்புப் பெட்டி வாங்கி எல்லாவற்றையும் அதற்குள் வைத்துப் பூட்டலாமா? எப்படிப்பட்ட பெட்டி வாங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி சின்னது. ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, காரைதீவு, பாண்டிருப்பு என்று எங்கள் கரையோரத்தில் எந்த வீட்டிலும் இது எழக்கூடிய கேள்விதான். வீட்டில் துவக்கு இல்லாதவர்களும் தொடர்ந்து வாசியுங்கள். நகையும் உறுதியும் எல்லோரிடமும் உண்டு.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடு கட்டத் தொடங்குகிறோம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் இருப்பதை அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார். வீடு பெண்ணின் பெயரில், நகை பெண்ணின் உடலில். ஆனால் உறுதி எங்கே இருக்கிறது, பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பல சகோதரிகள் "அவருக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். கணவர் மௌத்தாகி இத்தாவில் இருந்த ஒரு சகோதரிக்குத் தன் சொந்த வீட்டு உறுதி கொழுந்தனின் அலுமாரியில் இருக்கிறது என்பது நான்காவது மாதத்தில்தான் தெரிய வந்தது. திரும்ப வாங்குவதற்கு ஊர்ப் பெரியவர்கள் மூன்று முறை கூட வேண்டியிருந்தது. எந்தப் பெட்டி என்று பார்ப்பதற்கு முன், அது யாருடைய கையில் இருக்கப் போகிறது என்பதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பல முறை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியவர்கள். 1978 நவம்பரில் வந்த சூறாவளி, 1990 ஆம் ஆண்டின் கலவரமும் இடம்பெயர்வும், 2004 டிசெம்பர் 26 சுனாமி என்று கணக்கு நீளும். சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிஞ்சியவர்களில் எத்தனையோ பேர் உறுதியும் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் மாதக்கணக்கில் அலுவலகப் படி ஏறினார்கள். அதன் பிறகு "கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்" என்ற எண்ணம் எங்கள் மனதில் ஊறிப்போனது. இன்றும் எத்தனையோ உம்மாமார் நகையையும் உறுதியையும் ஒரு கைப்பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறார்கள். அது பயத்தின் பழக்கம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தூக்கிக்கொண்டு ஓட வசதியான பை, கள்ளனுக்கும் தூக்கிக்கொண்டு ஓட வசதியானதுதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஒரு பவுண், அதாவது எட்டுக் கிராம் தங்கம், இலட்சக் கணக்கில் விலைபோகிறது. ஒரு தாலியும் இரண்டு வளையலும் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம். கள்ளனும் இந்த விலையை அறிவான்.

கள்ளன் எப்போது வருகிறான் என்பதையும் யோசித்துப் பாருங்கள். எல்லோரும் கலியாண வீட்டில் இருக்கும் இரவு, மௌத்து வீட்டுக்குப் போன பகல், நோன்பு காலத்தில் பெண்களும் தராவீஹ் தொழுகைக்குப் போயிருக்கும் ஒன்றரை மணி நேரம், கோயில் திருவிழா இரவு, கணவர் கட்டாரில் இருக்க மனைவி பிள்ளைகளோடு உம்மா வீட்டில் படுக்கப் போகும் நாட்கள். இவையெல்லாம் ஊருக்கே தெரிந்த நேரங்கள். வீடு வெறுமையாய்க் கிடக்கும் நேரம் தெரிந்தவன் வெளியூரில் இருந்து வரத் தேவையில்லை.

ஆகவே பெட்டிக்கு முன் கதவைப் பாருங்கள். முன் கதவுக்குப் பெரிய தேக்குப் பலகை, பின்னால் குசினிக் கதவுக்கு ஒரு சின்னக் கொண்டி என்பது எங்கள் வீடுகளின் வழமை. குசினிக் கதவுக்கு உள்ளிருந்து மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் போடுவதற்கு ஓடாவியாருக்குக் கொடுக்கும் கூலி, பெட்டி விலையில் ஒரு சிறு பங்குதான். ஓட்டுக் கூரையும் சீலிங்கும் உள்ள வீடுகளில் மேலே வழி இருக்கிறது என்பதையும் மறவாதீர்கள். முஸ்லிம் வீடுகளில் நாய் வளர்ப்பதில்லை. வாசலில் ஆள் நடமாடினால் தானாக எரியும் விளக்கு ஒன்று அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். பக்கத்து வீட்டு ராத்தாவோடு மனம் கோணாமல் இருப்பது அதைவிடத் தீர்க்கும்.

இனிப் பெட்டி.

சீதனமாக வரும் இரும்பு அலுமாரியைப் பலர் பெட்டகமாக நினைக்கிறார்கள். அதன் தகடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்புடையதாகவே பெரும்பாலும் இருக்கும். ஒரு அலவாங்கு நுனிக்கு அது மீன் ரின் மூடி போல. அதற்குள்ளே இருக்கும் சின்ன 'லொக்கர்' என்பதும் அதே தகடுதான். கள்ளன் முதலில் கை வைக்கும் இடமும் அதுவே. கடையில் தகட்டின் அளவை 'கேஜ்' கணக்கில் சொல்வார்கள். அந்த எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரியாது. 20 கேஜ் என்பது 12 கேஜை விட மெல்லியது. "எத்தனை மில்லிமீற்றர்?" என்று கேட்டுவிடுங்கள், குழப்பம் வராது. உடம்பு மூன்று மில்லிமீற்றருக்குக் குறையாமலும் கதவு அதைவிடத் தடிப்பாகவும் இருப்பது நல்லது.

பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது உடைக்க முடியாதது அல்ல. அமெரிக்காவில் வீட்டுப் பெட்டிகளுக்கும் துவக்குப் பெட்டிகளுக்கும் கொடுக்கப்படும் சாதாரணத் தரச்சான்று என்ன சொல்கிறது தெரியுமா? கைக்கருவிகளோடு ஒருவர் முயன்றால் ஐந்து நிமிடம் தாக்குப் பிடிக்கும் என்பதே. வெறும் ஐந்து நிமிடம்! பெட்டியில் நாங்கள் வாங்குவது நேரம். அந்த நேரத்துக்குள் நாய் குரைக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், அயலவர் எழும்ப வேண்டும். வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பயனும் இல்லை. நெருக்கமான சாய்ந்தமருது ஒழுங்கையில் அது நிறையக் காலம்.

அடுத்தது, தூக்க முடியாதபடி நிலத்தோடு பிணைப்பது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிணைக்காத பெட்டி கள்ளனுக்கு நாங்களே கட்டிக்கொடுக்கும் பார்சல். அவன் அதை வீட்டில் வைத்து உடைக்க மாட்டான். இரண்டு பேராகத் தூக்கி முச்சக்கர வண்டியில் ஏற்றிப் போய் ஆறுதலாக உடைப்பான். ஐரோப்பிய தர விதிகள் ஆயிரம் கிலோவுக்குக் குறைந்த பாதுகாப்புப் பெட்டிகள் எல்லாம் பிணைக்கக் கூடியவையாக இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. எங்களால் வாங்கக் கூடிய பெட்டி முப்பது கிலோவோ அறுபது கிலோவோ இருக்கும். ஒரு மூட்டை நெல்லைத் தூக்குகிறவர்களுக்கு இது ஒரு பாரமா?

வாங்கும்போதே பெட்டியின் அடியிலும் முதுகிலும் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். உள்ளிருந்து றோல் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வெளியே தெரியும் போல்ட்டை யாரும் கழற்றலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. எங்கள் கரையோர வீடுகள் பல மணல் நிலத்தில் நிற்பவை. நிலத்தில் பூசியிருக்கும் சீமெந்து ஓரிரு அங்குலம்தான், அதற்குக் கீழே வெறும் மணல். அதில் போட்ட போல்ட் பல் ஆடுவது போல ஆடி வெளியே வந்துவிடும். சீமெந்துக் கல் சுவரும் அவ்வளவு பலமல்ல. இதற்கு ஒரு வழி சொல்கிறேன். பெட்டி வைக்கும் மூலையில் இரண்டடிக்கு இரண்டடி நிலத்தை வெட்டி, ஒரு அடி ஆழம் தோண்டி, கம்பி வைத்துக் கொங்கிறீட் போடச் சொல்லுங்கள். ஈரமாக இருக்கும்போதே நான்கு நீளப் போல்ட்டுகளைப் பெட்டியின் துளைகளுக்கு நேராக நிறுத்திவிட்டால் போதும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி இறுகவிட்டுப் பெட்டியை இறக்கி நட்டுப் போட்டு இறுக்கலாம். கொங்கிறீட்டை நிலமட்டத்தில் நிறுத்தாமல் ஒரு அடி உயர்த்தி மேடையாகக் கட்டினால் மார்கழி வெள்ளத்துக்கும் தப்பும். மூலையில் வைப்பது ஏன் என்றால், இரண்டு பக்கமும் சுவர் இருக்கும்போது அலவாங்கு போட்டு நெம்ப இடம் கிடைக்காது. சுனாமி வீட்டுத்திட்டத் தொடர்மாடிகளில் மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தரையே கொங்கிறீட் தட்டு. அங்கே நேரடியாகப் போல்ட் போடலாம். ஆனால் நீளப் போல்ட் வேண்டாம், கீழ் வீட்டுச் சீலிங்கில் வெளியே வந்து நிற்கும்.

இந்த வேலையைச் செய்யும் மேசன் யார் என்பதும் முக்கியம். பெட்டியைக் கடையில் இருந்து லாண்ட்மாஸ்டரில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஏற்றி வந்து, ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடிவர இறக்கினால், "இந்த வீட்டில் பூட்டி வைக்க ஏதோ இருக்கிறது" என்று ஊருக்கு ஓலை அனுப்பியது போல் ஆகும். அட்டைப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றி, மற்றச் சாமான்களோடு கொண்டு வாருங்கள். ஓடாவியாரோ மேசனோ குடும்பத்துக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். பெட்டியை முன் விறாந்தையிலோ வந்தவர் இருந்து கதைக்கும் அறையிலோ வைக்காதீர்கள். அலுமாரிக்குள்ளோ திரைக்குப் பின்னாலோ இருந்தால் போதும்.

எண் அழுத்தும் பெட்டியா, சாவிப் பெட்டியா? கடைக்காரர் எண் பெட்டியைத்தான் காட்டுவார், பார்க்க அழகு. ஆனால் மலிவான எண் பெட்டிகள் சிலவற்றை ஓங்கித் தட்டி அதிரவைத்தாலே பூட்டு விடுபட்டுவிடுகிறது. வாங்கும் முன் கடையிலேயே பூட்டிவிட்டுத் தட்டச் சொல்லிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். கடற்காற்றின் உப்பு மின்சுற்றையும் பற்றரி முனையையும் அரிக்கும். ஆகவே கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் வசிப்பவர்களுக்கு நல்ல நெம்புப் பூட்டுள்ள சாவிப் பெட்டியையே நான் சொல்வேன். எண் பெட்டிதான் வேண்டும் என்றால், தொழிற்சாலையில் இருந்து வரும் எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். கலியாண நாள், பிள்ளையின் பிறந்த நாள் வேண்டாம். 2612 என்ற எண்ணும் வேண்டாம். எங்கள் ஊரில் அந்த நாளை யாரும் மறப்பதில்லை, கள்ளனும் மறந்திருக்க மாட்டான்.

சாவியை வைக்கும் இடங்கள் பற்றி ஒரு வார்த்தை. அரிசிப் பானை, தலையணை உறை, அலுமாரிக்கு மேல், ஓதும் கிதாபுகள் இருக்கும் தட்டு, சாமி படத்துக்குப் பின்னால். நான் சொல்லச் சொல்ல உங்களுக்குச் சிரிப்பு வருகிறதல்லவா? கள்ளன் தேடும் ஒழுங்கும் இதுதான்.

தீயையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். கள்ளனுக்கான பெட்டி வேறு, தீக்கான பெட்டி வேறு. தீயைத் தாங்கும் பெட்டியின் சுவருக்குள் ஈரம் தேங்கிய ஒரு பொருள் அடைக்கப்பட்டிருக்கும். சூடு ஏறும்போது அது ஆவியாகி உள்ளே வெப்பம் ஏறாமல் காக்கும். கடதாசி கருகாமல் இருக்க உள்ளே ஏறக்குறைய 177 பாகைக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச அளவில் பாவிக்கப்படும் ஒரு வரம்பு. ஆனால் அதே ஈரம் சாதாரண நாட்களில் உள்ளே பூஞ்சணம் பிடிக்கவும் இரும்பு துருப்பிடிக்கவும் இடம் கொடுக்கும். ஆகவே உறுதிகளைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் இட்டு வையுங்கள். மாதம் ஒரு நாள் பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல் உள்ளே போடலாம்.

உறுதியைப் பற்றி ஒரு ஆறுதலும் உண்டு. நொத்தாரிசு உறுதி எழுதும்போது ஒரு பிரதி அவரிடம் தங்கும், இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், உங்களுக்குத் தருவது மூலம். அதனால் உறுதி தொலைந்தாலும் காணி தொலைந்துவிடாது, பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால் அதற்கு உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்திருந்தால் ஒரு நாள் வேலை, தெரியாவிட்டால் பல நாள் அலைச்சல். இந்த மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வேறு வீட்டில் வையுங்கள். போட்டோ எடுத்து நம்பிக்கையான மகளுக்கோ தங்கைக்கோ அனுப்பிவையுங்கள்.

பெட்டி வாங்க வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அன்றாடம் போடாத நகையை வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கலாம். அது வட்டிக் கொடுக்கல் வாங்கல் அல்லவா என்று சில சகோதரிகள் தயங்குகிறார்கள். பெட்டகத்துக்கு வருட வாடகைதான் கொடுக்கிறோம், அடகும் இல்லை, கடனும் இல்லை. உங்கள் பெயரில் எடுங்கள். கணவரையோ மகளையோ இணைப் பெயராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனித் துவக்கு.

சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பக்க வயல்களுக்கு யானை வருவது புதிய செய்தி அல்ல. பன்றியும் வருகிறது. பயிர்க் காவலுக்கென்று மாவட்டச் செயலகம் மூலம் லைசன்ஸ் எடுத்த துவக்குகள் வைத்திருக்கும் குடும்பங்கள் உள்ளன. 1980களின் நடுப்பகுதியில் இருந்து ஊர்காவல் படையில் இருந்தவர்களும் துவக்கோடு வீட்டுக்கு வந்தார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பின் எத்தனையோ இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். 2006 இல் அந்தப் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியது. அந்தக் காலத்தில் துவக்கு சுவரில் சாய்ந்து நிற்கும், பிள்ளை அதன் கீழே விளையாடும். அது பழகிப்போன காட்சி. பழக்கம் என்பதால் ஆபத்து குறைந்துவிடவில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இது: நகையையும் துவக்கையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். காரணம் சாவிதான். நகைப் பெட்டிச் சாவி இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒருவர் இல்லாதபோது மற்றவர் தேடி அலையக் கூடாது. துவக்குப் பெட்டிச் சாவி லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். மனைவிக்கும் தெரியாமல் இருப்பது நல்லது. பிரித்தானியாவில் துவக்கைப் பூட்டி வைப்பது அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனை. அங்கே துவக்குப் பெட்டிக்கென்றே 1992 இல் ஒரு தேசியத் தரம் வகுத்தார்கள். சாவி குடும்பத்தில் வேறு எவர் கைக்கும் போகக் கூடாது என்றும் அறிவுறுத்துகிறார்கள். ஒரே பெட்டிக்கு இரண்டு விதமான சாவி ஒழுங்கு வைக்க முடியாது. தவிரவும் நகைக்கென்று வந்தவன் கையில் துவக்கும் அகப்பட்டால் அவன் கள்ளன் என்ற நிலையில் இருந்து வேறு ஆளாகிவிடுவான்.

துவக்குப் பெட்டிக்கு நிறையச் செலவழிக்கத் தேவையில்லை. நல்ல வெல்டிங் கடையில் மூன்று மில்லிமீற்றர் தகட்டில் செய்விக்கலாம். பன்னிரண்டாம் நம்பர் துவக்கு ஏறக்குறைய நான்கடி நீளம், அளந்து கொண்டுபோய்க் கொடுங்கள். மடித்துத் திறக்கும் துவக்கு என்றால் குழலையும் பிடியையும் கழற்றி இரண்டடி சொச்சப் பெட்டிக்குள் அடக்கலாம். குழலை ஓரிடத்திலும் பிடியை வேறோரிடத்திலும் பூட்டினால் இன்னும் நல்லது, பாதித் துவக்கால் யாருக்கும் பயன் இல்லை. பிணைச்சல் உள்பக்கம் இருக்க வேண்டும். கதவின் விளிம்பை உள்ளே மடித்துவிடச் சொல்லுங்கள். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பூட்டு. தோட்டாக்கள் இன்னொரு சிறு பெட்டியில், வேறு அறையில், வேறு சாவியில். துவக்கைத் தோலுறையில் போட்டுப் பூட்டினால் ஈரம் பிடித்துத் துருவேறும். எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து வெறுமனே நிறுத்துங்கள். இலக்கத்தையும் லைசன்ஸ் பிரதியையும் உறுதிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். துவக்கு களவு போனால் அந்த மணித்தியாலமே 119 க்கு அழைத்து, பொலிஸில் முறைப்பாடு பதிந்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் துவக்கால் எங்கே என்ன நடந்தாலும் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் முதலில் வருவார்கள்.

கள்ளனைப் பற்றியே பேசுகிறோம். வீட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றியும் பேச வேண்டும். 1993 இல் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கெல்லர்மனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, துவக்கு உள்ள வீட்டில் கொலை நடக்கும் அபாயம் இல்லாத வீட்டை விட ஏறக்குறைய 2.7 மடங்கு என்று கண்டது. அந்த அபாயம் பெரும்பாலும் வெளியாளிடம் இருந்து வரவில்லை, குடும்பத்தவரிடமும் தெரிந்தவரிடமும் இருந்தே வந்தது. அது வேறு நாடு, வேறு துவக்குகள். ஆனாலும் குடித்துவிட்டு வரும் கணவர், போரின் கனவுகளில் இருந்து இன்னும் மீளாத மகன், மனம் உடைந்த பிள்ளை இருக்கும் எங்கள் வீடுகளுக்கும் இது பொருந்தாமல் இல்லை.

எங்கள் நாட்டில் இருந்தே ஒரு பாடம். விவசாயக் கிருமிநாசினியைப் பூட்டி வைத்தால் அதை அருந்துவோர் குறைவார்களா என்று பார்க்க, வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டிகள் கொடுத்தார்கள். 2017 இல் 'லான்செட்' மருத்துவச் சஞ்சிகையில் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. கொடிய கிருமிநாசினிகளை அரசாங்கம் தடை செய்ததால்தான் நாட்டில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. சாவி இருக்கும் இடம் வீட்டாருக்குத் தெரிந்த பெட்டி, வீட்டாரிடம் இருந்து எதையும் காப்பதில்லை. வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை என்று தோன்றினால் துவக்கை அந்தக் காலத்துக்கு வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பொலிஸ் நிலையத்தில் ஒப்படைப்பது பற்றிக் கேளுங்கள். மனநல உதவிக்கு 1926, வீட்டு வன்முறை பற்றிப் பேச 1938 என்ற இலக்கங்கள் உள்ளன.

கணவர் மௌத்தானால் துவக்கு என்ன ஆகும்? 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி லைசன்ஸ் ஆளுக்குரியது, வீட்டுக்குரியது அல்ல. ஒவ்வொரு ஆண்டும் டிசெம்பர் 31 உடன் முடிந்து புதுப்பிக்க வேண்டியது. அவர் பெயரில் இருந்த துவக்கை மனைவியோ மகனோ அப்படியே வைத்திருந்தால் அது லைசன்ஸ் இல்லாத துவக்கு, பிடிபட்டால் வழக்கு. இத்தாவில் இருக்கும் சகோதரி வெளியே போக முடியாது என்று நான்கு மாதம் பத்து நாள் காத்திருக்க வேண்டாம். வாப்பாவோ காக்காவோ கிராம உத்தியோகத்தரோடு சென்று பொலிஸில் அறிவிக்கட்டும். துவக்கை நீங்களாகக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் போகக் கூடாது. முதலில் அறிவித்து, அவர்கள் சொல்லும் முறையில் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மகன் வயல் செய்வதால் தேவை என்றால் அவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். தற்பாதுகாப்புக்கென்று லைசன்ஸ் எடுத்தவர்களின் துவக்குகளை 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு மீள ஒப்படைக்கச் சொல்லியது. ஆகவே உங்கள் வீட்டு லைசன்ஸ் எந்த வகை, எந்த ஆண்டு வரை என்று ஒரு முறை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

லைசன்ஸே இல்லாத பழைய துவக்கோ தோட்டாவோ பரணிலும் கிணற்றடியிலும் கிடப்பதாகச் சில சகோதரிகள் மெதுவாகச் சொல்வதுண்டு. அதைத் தொடவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம், குளத்தில் எறியவும் வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் ஒரு சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்திலோ முதலில் கேளுங்கள், பிறகு அவர்கள் மூலமே பொலிஸுக்கு அறிவியுங்கள்.

அடுத்த மாதம், உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கும் முறை பற்றி விரிவாக எழுதுகிறேன். உறுதி இலக்கம் தெரியாதவர்கள் இப்போதே வரிப் பற்றுச்சீட்டுகளையும் பழைய நொத்தாரிசின் பெயரையும் தேடி எடுத்து வையுங்கள்.